இரண்டு கிரேட் தூரம்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக் காலையில் எனக்குப் போன் வரும். "பாய், என்னப் பத்தி எழுதனீங்களாமே, எந்த சேர்ல உக்காந்து எழுதனீங்க? முதுகு வலிக்கலைங்களா?" என்று கேட்பார். என்ன எழுதினேன் என்று கேட்கவே மாட்டார். எனக்குத் தெரியும், அவரோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

நல்லம்பள்ளிப் பக்கம், ஒரு காலத்தில் மாங்கூழ் டின்கள் அடுக்கி வைத்திருந்த கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து அவர் கார் செய்தார். பழுது பார்க்கவில்லை, செய்தார். இதைச் சொன்னால் தருமபுரியில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "நம்ம ஊர்லயா? காரா? போங்க பாய்" என்கிறார்கள். ஆமாம், நம்ம ஊரில்தான். வெயில் ஏறினால் சுவரிலிருந்து மாம்பழ வாசனை கிளம்பும் அந்த ஷெட்டில் வரிசையாகக் கார்கள் பிறந்தன. ஒன்றுபோல இன்னொன்று கிடையாது.

கடையில் விற்கிற கார் யாருடைய உடம்புக்குப் பொருந்தாதோ அவர்களுக்குத்தான் அவர் கார். பென்னாகரத்தில் மூன்றரை அடி உயரம் உள்ள மளிகைக் கடைக்காரருக்கு ஒன்று. ஒற்றைக் கையோடு இருந்த மாங்காய் வியாபாரிக்கு ஒன்று. முதலில் எல்லாம் கம்பெனிக் காரை வாங்கி உள்ளே குடைந்து மாற்றிக் கொடுத்தார். அப்புறம் ஒருநாள், "ஏன் பாய் அடுத்தவன் சட்டைய வாங்கி ஆல்டர் பண்ணிக்கிட்டே இருக்கணும்? நாமே துணி வெட்டலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

நான் அவரிடம் சேர்ந்த கதையைச் சொன்னால்தான் அவர் யார் என்று புரியும். தருமபுரி டவுனில் லாரிக்கும் வேனுக்கும் சீட்டு தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் வந்தார். நெட்டையாக, கையெல்லாம் கிரீஸோடு, முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். நான் தைத்து வைத்திருந்த எட்டு சீட்டிலும் வரிசையாக உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம். பேச்சும் இல்லை, விலையும் கேட்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏம்மா, இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றேன்.

அவர் எழுந்திருக்காமலே கேட்டார். "ஏழாவது சீட்டு தைக்கும்போது உங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்களா?"

அந்த ஏழாவது சீட்டு நோன்பு நாளில், வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், இதோடு போகட்டும் என்று அவசரமாகத் தைத்து முடித்தது. பார்வைக்கு எந்தக் குறையும் கிடையாது. லாரிக்காரன் கண்டுபிடிக்க மாட்டான், என் மகன் கண்டுபிடிக்க மாட்டான். இவர் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரம் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு நல்லம்பள்ளிக்குப் போய்விட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், ஆனாலும் மூன்றாம் நாளே எல்லோரையும் போல நானும் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

உட்கார்ந்து பார்ப்பது. அவர் என்றால் அதுதான். படத்தை நம்ப மாட்டார், டேப்பை நம்ப மாட்டார், கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினால் "ம்ம், நல்லாருக்கு" என்பார், நம்ப மாட்டார். "உக்காந்து பாருங்க" என்பார். முடி வெட்டுகிற கடை நாற்காலி, பல் டாக்டர் நாற்காலி, கல்யாண மண்டபத்து நாற்காலி, எதையும் விட்டதில்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள் முழுக்க மேலேயும் கீழேயுமாகப் போய் வந்து எல்லா சீட்டிலும் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் பயந்து, "யாரையாச்சும் தேடறீங்களாக்கா?" என்று கேட்டானாம்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதை ஷெட்டில் பிரசித்தம். சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். காபி கொடுக்கப் போன பெண்ணைக் காணோம். தேடினால் வாசலில் நின்ற காரில், டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றார். இவர் கண்ணைத் திறந்து, "ஒங்களுக்கு எடது பக்க இடுப்பு வலிக்குமே, எத்தன மாசமா?" என்று கேட்டாராம். ஆறு மாதமாக வலி. டாக்டருக்கே பிடிபடவில்லை. சம்பந்தம் அமையவில்லை. ஆனால் அந்த மாப்பிள்ளை பிறகு தன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களிடம் ஒரு கார் செய்து வாங்கிப் போனார். சம்பந்தம் இந்த வழியில் சேர்ந்தது.

எங்கள் வேலை நடக்கிற விதத்தைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். காருக்கு முதல் வடிவம் இரும்பில் கிடையாது, தக்காளிக் கிரேட்டில். பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து பழைய பிளாஸ்டிக் கிரேட்டுகளை டெம்போவில் ஏற்றி வருவோம். கார் வேண்டும் என்று வந்தவரை நடுவில் உட்கார வைத்து, அவரைச் சுற்றிக் கிரேட்டுகளை அடுக்குவோம். இது சீட்டு, இது கதவு, இது ஸ்டியரிங் என்று. அவர் கை எங்கே எட்டுகிறது, முழங்கால் எங்கே இடிக்கிறது, எல்லாம் கிரேட்டில்தான் கணக்கு. "கதவுக்கு ஒண்ணரக் கிரேட்டு, லிவருக்கு ரெண்டு கிரேட்டு" என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவார். நான் ஒருமுறை, இன்ச்சில் எழுதினால் என்ன அக்கா என்று கேட்டேன். "இஞ்ச்ல யாரும் உக்கார்றதில்ல பாய்" என்றார். பெரிய பதில் மாதிரி இருந்தது. அந்தப் பதில்தான் பிறகு எங்களைக் குப்புறத் தள்ளியது.

கார் தயாரானதும் துண்டை எடுத்துத் தன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார். கால் உதவாதவருக்குச் செய்த வண்டியைக் காலை வைத்து ஓட்டக்கூடாது, கால் தானாக நீண்டுவிடும் என்பார். ஷெட்டுக்குப் பின்னால் குன்றுக்கு ஏறுகிற சரளை மேட்டில் பாதி தூரம் ஏற்றி நிறுத்துவார். நாங்கள் பின் டயரை ஒட்டி ஒரு தக்காளியை வைக்க வேண்டும். பிரேக்கை விட்டு மறுபடி மேலே கிளம்பும்போது தக்காளி நசுங்கினால் வண்டி தோல்வி. நசுங்காவிட்டால் பாஸ். தோற்ற நாட்களில் மத்தியானம் எங்களுக்குத் தக்காளிச் சட்னி. முதல் இரண்டு வருஷம் நாங்கள் தின்ற சட்னிக்கு அளவே இல்லை.

இப்போது ஒரு டீச்சரின் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டீச்சருக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. சித்தேரி மலையில் பள்ளிக்கூடம், கீழே அடிவாரத்தில் வீடு. பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் கண்டக்டர் தூக்கி பஸ்ஸில் வைப்பான், மேலே இறக்கிவிடுவான். சாயங்காலம் மறுபடி. கண்டக்டர்கள் நல்லவர்கள்தான். ஆனால் முதல்நாள் எங்கள் கிரேட்டுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என்ன யாரும் தூக்கக் கூடாதுக்கா. அவ்ளோதான் எனக்கு வேணும். நல்ல மனசோட தூக்கறாங்க, தெரியும். ஆனா மூட்டையத் தூக்கற மாதிரிதான் இருக்குது. இந்த வருசத்தோட முடியலன்னா கீழ எங்கயாச்சும் மாத்தல் வாங்கிக்குவேன். மேல இருக்கற புள்ளைங்கள நெனச்சாத்தான்…"

அக்கா ஒரு கிரேட்டை எடுத்து டீச்சரின் வலது கைப்பக்கம் வைத்தார். "எட்டுதா பாருங்க" என்றார். எங்கள் சொந்தக் காரின், அடியிலிருந்து நாங்களே செய்த பேட்டரிக் காரின், முதல் அளவு அதுதான். கையால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஓட்டம், எல்லாம் ஒரே லிவரில். சீட்டின் முதுகிலிருந்து லிவருக்கு இரண்டு கிரேட் தூரம்.

நாமே செய்த கார் என்றால் ரோட்டில் ஓட ஒப்புதல் வேண்டும். அதற்கு அலைந்ததை எழுதினால் தனிப் புத்தகம். கடைசியில் ஒரே ஒரு சோதனை பாக்கி. ஏறுமேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து அதிகாரி வருகிற தேதி குறித்தார்கள். அன்றைக்குத் தவறினால் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், எப்படியும் ஒரு வருஷம். ஒரு வருஷம் ஷெட்டும் தாங்காது, டீச்சரும் மலைப் பள்ளிக்கூடத்தில் இருக்க மாட்டார்.

டீச்சர் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மழையில் மலை ரோடு சரிந்து பஸ் நின்றுபோனது. பிறகு பரீட்சை வந்துவிட்டது. அக்காவே காலைக் கட்டிக்கொண்டு ஓட்டினார், தக்காளி நசுங்கவில்லை. "போதும்" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சோதனை நாள் காலையில் டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார், கண்டக்டர்தான் தூக்கி இறக்கினான். சக்கர நாற்காலியிலிருந்து தானே காருக்குள் நகர்ந்து உட்கார்ந்தார். நான் தைத்த சீட்டு, மெரூன் கலர். முகமெல்லாம் சிரிப்பு. கையை நீட்டினார். லிவரைத் தொட்டது. தள்ளினார். பாதிக்கு மேல் போகவில்லை. முதுகை எடுத்து முன்னால் சாய்ந்தால்தான் கை எட்டியது.

"அக்கா, எனக்கு எட்டலைங்க" என்றார் மெதுவாக.

அக்கா ஓடிப்போய் மூலையில் கிடந்த பழைய கிரேட்டை எடுத்தார். எங்கள் வெல்டர் பையன் மாது லிவருக்கு அளவு பார்த்த கிரேட்டையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார். மாதுவுடையது இரண்டு விரல் நீளம் அதிகம். மழைக்கு அப்புறம் மார்க்கெட்டில் புதுக் கிரேட் மாற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? சுவரில் இருந்தது இரண்டு கிரேட். ஆக நாலு விரல் தூரம் கூடிப்போய்விட்டது. மாதுவுக்கு வீட்டில் கன்னடம், பதற்றம் வந்தால் தமிழ் ஓடிவிடும். "தப்பாயித்து அக்கா, தப்பாயித்து" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் உள்ளே வருகிறது.

நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. அக்காவைத் தனியே இழுத்துப் போய், "நீங்களே ஓட்டிக் காட்டிருங்கக்கா. ஒங்க கைக்கு எட்டுது. அவருக்கு என்னா தெரியப் போவுது? சர்டிபிகேட் வந்ததும் லிவர மாத்திக்கலாம்" என்றேன். முதுகுக்குத் தலையணை வைத்துக் கட்டலாம் என்றும் சொன்னேன்.

"மேட்டுல தலவாணி நழுவுனா, பாய்?"

"அப்ப நீங்க ஓட்டுங்க."

"நான் உக்காந்ததாலதான இப்பிடி ஆச்சு" என்றார். அதுவரை அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "எனக்கு எட்டுச்சு, போதும்னு உட்டுட்டன். அவங்கள உக்கார வச்சிருக்கணும்."

நேராக அதிகாரியிடம் போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அக்காவை வாய்விட்டே திட்டினேன். அதிகாரி குள்ளமான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் பைல். அக்கா சொன்னார். "சார், வண்டி ஏறும், நிக்கும். ஆனா யாருக்குச் செஞ்சமோ அவங்க கைக்கு எட்டல. அளவு தப்பிப்போச்சு, எங்க தப்புதான்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, இதச் சொல்லவா எட்டு மணி நேரம் என்ன வர வச்சீங்க? மேட்டுல நின்னாப் போதும்மா எனக்கு. யார் கைக்கு எட்டுதுன்னு என் ஃபாரத்துல எடமே கெடயாது."

பைலை மூடிவிட்டார். ஜீப்பை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டார். அப்போதுதான் காருக்குள் இருந்த டீச்சர் கூப்பிட்டார், வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற குரலில்.

"சார். ஒரே ஒரு தடவ உக்காந்து பாருங்க."

அக்காவின் வாக்கியத்தை எடுத்து அவர் அதிகாரி மேல் வீசிவிட்டார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் திரும்பித்தான் ஆக வேண்டும். டீச்சர் நகர்ந்து நாற்காலிக்கு மாறினார். அதிகாரி போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அக்கா குனிந்து, துண்டால் அவர் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அரசாங்க அதிகாரியின் காலை. மாது கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்பத் தள்ளுங்க சார்."

தள்ளினார். அவர் கையும் டீச்சர் கை அளவுதான். பாதியில் நின்றது. மறுபடி தள்ளினார். முன்னால் சாயப் பார்த்தார், கட்டிய காலால் ஊன்ற முடியவில்லை, ஸ்டியரிங்கில் மார்பு இடித்தது. அப்புறம் தானே துண்டை அவிழ்த்து, மடித்து, அக்கா கையில் கொடுத்தார்.

"இங்க சாப்பாடு எங்க நல்லாருக்கும்?" என்று கேட்டார்.

மாது ஒரு கடையைச் சொன்னான்.

"நான் மெதுவா சாப்புடற ஆளு. ரெண்டு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன். மாது லிவர் தூணை அறுக்கிறான், பொறி பறக்கிறது. நான் மெரூன் சீட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியான லுஹர் தொழுகை நேரம் ஓடுகிறது, அல்லாவிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அக்கா டீச்சரைச் சீட்டில் உட்காரச் சொல்வார், மாது தூணைப் பிடிப்பான், "எட்டுதா?" "இன்னும் ஒரு விரலு." இறங்குவார், வெல்டிங். ஏறுவார். "எட்டுதா?" டேப்பும் இல்லை, கிரேட்டும் இல்லை, டீச்சரின் கை மட்டும்தான் அளவு. ஏழாவது தடவையில் டீச்சர் முதுகைச் சீட்டில் நன்றாகப் பதித்துக்கொண்டு, லிவரைக் கடைசிவரை தள்ளிவிட்டு, திரும்பி அக்காவைப் பார்த்தார். மாது அழுதே விட்டான். புது வெல்டிங்கை அக்கா சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், அதில் தொங்கிக்கூடப் பார்த்தார்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலில் அந்த வெல்டிங்கைத்தான் குனிந்து பார்த்தார், டார்ச் அடித்து, இழுத்து, நெட்டி. பிறகுதான் ஏறச் சொன்னார். டீச்சர் தனியாகச் சரளை மேட்டில் ஏறினார். பாதியில் நிறுத்தினார். அதிகாரி ஏதோ மீட்டரை வைத்துப் பார்த்துப் பைலில் எழுதினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அந்தத் தக்காளி எங்க?" என்றார். யார் சொன்னார்களோ, சாப்பாட்டுக் கடையில் கேட்டிருப்பார். மாது ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அதிகாரியே குந்தி உட்கார்ந்து பின் டயரை ஒட்டி அதை வைத்தார்.

டீச்சர் பிரேக்கை விட்டார்.

கார் ஒரு நெல்மணி அளவுகூடப் பின்னால் வரவில்லை. மேலே போனது, உச்சிவரை போனது, அங்கே ஹாரன் அடித்தது, நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஷெட்டுச் சுவரில் ஒரு பழைய கிரேட் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. அளவெல்லாம் அதில்தான். அதற்குக் கீழே அக்கா இன்ச்சிலும் எழுதி வைத்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நம்பர் பிளேட் வந்த பிறகு டீச்சர் முதல்முறையாகக் காரில் மலைக்குப் போனார். பின் சீட்டில் அக்கா. நானும் மாதுவும் பின்னால் டெம்போவில், எதற்கும் இருக்கட்டும் என்று கருவிகளோடு. வளைவு மேல் வளைவு. முன்னால் போகிற காரின் பின் கண்ணாடியில் அக்காவின் தலை மட்டும் தெரிகிறது, ஆடவில்லை, அசையவில்லை. எதிரே பஸ் வந்த ஒரு வளைவில் டீச்சர் ஓரமாக நிறுத்தி, வழிவிட்டு, மறுபடி கிளப்பினார். தூக்கி இறக்கிய அதே கண்டக்டர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கையைத் தலைக்கு மேல் வைத்துக் கும்பிட்டான். நான் டெம்போவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் கார் நின்றது. டீச்சரே கதவைத் திறந்தார், காரில் வைத்த சின்ன மோட்டார் ஒன்று சக்கர நாற்காலியைக் கீழே இறக்கியது, அதில் நகர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள், யாரும் தொடவில்லை, தொட வேண்டிய தேவை இல்லை. நான் பின் கதவைப் பார்த்தேன். அக்கா இறங்கவில்லை. கிட்டே போனேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுக்கா?"

"ஒவ்வொரு வளைவுலயும் கை தானா முன்னால போவுது பாய். அவங்க ஓட்டட்டும்னுதான் கை மேலயே உக்காந்துக்கிட்டன். இப்ப கையும் மரத்துப்போச்சு, காலும் மரத்துப்போச்சு. எழுந்திரிக்க முடியல."

டீச்சர் நாற்காலியை உருட்டிக்கொண்டு அந்தக் கதவுக்கு வந்தார். உள்ளே பார்த்தார். கையை நீட்டினார்.

"புடிச்சிக்கங்கக்கா. இல்ல, தூக்கி எறக்கணுமா?"

அக்கா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார், தள்ளாடி, மறு காலையும் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கை வரவில்லை. நின்று, மூச்சு வாங்கி, டீச்சர் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

"பாய், பின் சீட்டு சரியில்ல" என்றார். "உக்காந்து பாருங்க."